கூடு எங்கே, டீச்சர்?

இன்று காலை தேக்கா சந்தையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். சண்டை என்றால் நான் மட்டும்தான் போட்டேன். காய்கறிக் கடைக்காரர் பாவம், திருதிருவென்று விழித்தார். முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கியிருந்தேன். வழக்கம்போல் பையின் மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டார். அந்த வாசனை பட்டதும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, கொத்தை எடுத்து அவர் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

“ஏன்க்கா, காசு இல்ல லா, சும்மாதான்” என்றார்.

“சும்மா குடுத்தாலும் வேணாம். இதுல என்ன மருந்து அடிச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“நல்லா கழுவிட்டுத் தாளிங்க. ஊரே திங்குது, யாருக்கு என்னா ஆச்சு?”

யாருக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குச் சொல்லத் தொடங்கினால் கடையை மூடிவிட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எம்ஆர்டி ரயிலில் பொங்கோல் நிலையம் வரும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். மனத்துக்குள்தான் திட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போனபிறகுதான் வாய் அசைந்தது தெரிந்தது. நேரில் வைத்துத் திட்டலாம் என்றால் நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். திட்டத்தான் எழுதுகிறேன், அழுவதற்கு இல்லை.

மூன்றாம் தவணையிலிருந்து தொடங்குகிறேன். உன் தொடக்கநிலை மூன்று வகுப்புக்குத் தவணை முழுவதும் விலங்குகளும் இயற்கையும்தான் பாடம். மற்றவர்கள் என்றால் சுவரில் சிங்கம், புலி படங்களை ஒட்டி, ஒரு நாள் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி விலங்குத் தோட்டத்தைக் காட்டி, ஒட்டகச்சிவிங்கி என்று எழுத்துக்கூட்ட வைத்து முடித்துவிடுவார்கள். நானும் என் தொடக்கநிலை ஐந்துக்கு எல்லாப் பாடத்தையும் அப்படித்தான் முடிப்பேன். நீ மட்டும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு தமிழ் அறைக்குள் வந்தாய். தோ பாயோவில் உன் வீட்டுக் காரிடாரில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியின் கிளை அதற்குள் இருந்தது. கிளையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

ரிஷி எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான். “டீச்சர், யாரோ உங்க செடில கக்கா போயிட்டாங்க.”

“யாருடா போனது?”

“புறா.”

“அந்தப் புறாக் கக்கா நடக்குது பாரு” என்றாய்.

அது நடந்தது. பிறகு அந்த வகுப்பை யாராலும் பிடித்து உட்கார வைக்க முடியவில்லை. நான் அதே அறையில் பின்னால் உட்கார்ந்து கட்டுரை திருத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டுரைகளில் நான் போட்ட மதிப்பெண்ணை நானே நம்ப மாட்டேன். நீ காலணியைக் கழற்றிப்போட்டு, மேசைக்கடியில் வைத்திருக்கும் அந்த நீல ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, வலைக்கூண்டு கட்டினாய். குட்டையாக இருப்பவள் நாற்காலியில் ஏறி நின்று “யாராச்சும் கீழ சிரிச்சீங்க, இறங்கி வந்து உதைப்பேன்” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். யாரையும் உதைக்கவில்லை.

அந்த வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்குப் பெயர் வைத்தார்கள். பிராட்டா, முறுக்கு, மீ கோரெங். எல்லாம் தின்கிற பெயர்தான். பிராட்டா தோல் உரித்துப் பச்சையாகிக் குண்டானது. யாழினி அதன் முதுகை விரலால் தொட்டபோது தலைக்கு மேல் சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்று நீண்டு, அறை முழுக்க அழுகின எலுமிச்சை நாற்றம் அடித்தது. “அதுக்குக் கோபம்” என்றாள் யாழினி. “ஆமா, கோபம் வந்தா வெளிய காட்டணும். உள்ள வெச்சுக்கிட்டா வயிறு கெட்டுப்போயிடும்” என்றாய். உன் உபதேசங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றையாவது நீ உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

முதலில் செத்தது முறுக்கு. ஒரு காலையில் கூண்டின் அடியில் சுருண்டு கிடந்தது. யாழினிதான் முதலில் பார்த்தாள். “தூங்குது டீச்சர்” என்றாள். அந்தக் குரலிலேயே தெரிந்தது, அவளுக்கு உண்மை தெரியும், நாம் ஆமாம் சொல்வோமா என்று பார்க்கிறாள். நானாக இருந்திருந்தால் ஆமாம் என்றிருப்பேன். நீ அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாய். “இல்லம்மா. செத்துப்போச்சு.” அவள் அழுதாள். நீ தடுக்கவில்லை. ரிஷியும் சமீரும் கட்டடத்துக்குப் பின்னால் குழி தோண்டினார்கள். அன்று மாலை யாழினியின் அம்மா போன் செய்து, பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறாள், பாடத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்டார். நீ பொறுமையாகத்தான் பேசினாய். மறுநாள் கேன்டீனில் பால் கலக்காத தே ஓ குடித்தபடி நான்தான் உன்னோடு வழக்காடினேன்.

“எட்டு வயசுப் பிள்ளைங்கடி. தூங்குதுன்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்?”

“நாளைக்கு அதுங்க தூங்கவே பயப்படும். அதான் குறையும். பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லாத. பாடத்தை மறந்துடும், பொய்யை மறக்காதுங்க.”

இதைச் சொன்னபோது உனக்குத் தெரியும். ஜூன் விடுமுறையிலேயே மருத்துவர் சொல்லிவிட்டார் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். என் எதிரில் உட்கார்ந்து, என் வடையில் பாதியைப் பிய்த்துத் தின்றுகொண்டு, வயிற்றுக்குள் முற்றிப்போன புற்றுநோயை வைத்துக்கொண்டு, பொய் சொல்லாதே என்று எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நீ மறைத்தாய். நானும் அந்தச் சோற்றை அள்ளி அள்ளித் தின்றேன்.

தேசிய தினத்துக்கு முன்பு விடுப்பில் போனாய். பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன் என்றாய். மருத்துவமனைக்கு வருகிறேன் என்றால், “அதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க லா” என்றாய். வீட்டுக்கு வருகிறேன் என்றால், சாங்கிப் பக்கம் நாத்தனார் வீட்டில் ஓய்வெடுக்கிறேன் என்றாய். ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்து, ஒரே அறையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் நாம். நீ சொன்னால் நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்? நாத்தனாரோடு உனக்கு ஆகாது என்பதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். அங்கே தவறவிட்டேன்.

உன் இடத்துக்கு ஒரு ரிலீஃப் டீச்சர் வந்தார். சின்னப் பெண், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண். நீ விட்டுப்போன கிளைகளைப் பிராட்டாவும் கூட்டமும் மொட்டையடித்துவிட்டன. நீண்ட வார இறுதி வருகிறது, புழு பட்டினி கிடக்குமே என்று பதறி, வெள்ளிக்கிழமை தேக்காவுக்குப் போய், கொத்துக் கொத்தாக நல்ல பச்சைக் கறிவேப்பிலை வாங்கி வந்து, ஒவ்வோர் இலையாகக் கழுவித் துடைத்து, கூண்டுக்குள் செருகியிருக்கிறார். வேறு எந்த ஊர் ஆசிரியருக்கும் இந்தத் தவறு தோன்றாது. கறிவேப்பிலை என்றால் இந்த ஊரில் நமக்குக் கடைதான் ஞாபகம் வருகிறது. அது சாம்பாருக்கு வந்த இலை. புழு வாய் வைக்கக் கூடாது என்பதற்காகவே மருந்து அடித்துக் கப்பலேறியோ விமானமேறியோ வந்த இலை. கழுவினால் போய்விடுமா?

விடுமுறை முடிந்து காலையில் கூண்டைத் திறந்தோம். பிராட்டா உட்பட எல்லாம் கீழே கிடந்தன. ஒன்றுகூட இன்னும் கூடு கட்டத் தொடங்கவில்லை. அந்தப் பெண் சுவரோடு சாய்ந்து அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் நம் துறைத்தலைவர் மேல். வந்தார், பார்த்தார், கூண்டைத் தூக்கி ஸ்டோர் ரூமில் வைக்கச் சொன்னார்.

“பிள்ளைங்க மனசு ஒடஞ்சிடும். பேரன்ட்ஸ் வேற கம்ப்ளெய்ன் பண்ணுவாங்க. எல்லாம் வண்ணத்துப்பூச்சி ஆயிடுச்சு, பறந்து போயிடுச்சுன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது.”

அந்தப் பெண் சொன்னார். பாவம், கைதட்டிக்கூடக் காட்டினார். ரிஷியும் சமீரும் கைதட்டினார்கள். யாழினி தட்டவில்லை. அவள் வெறும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

“கூடு எங்க டீச்சர்?”

“என்ன கூடு?”

“பறந்து போனா காலிக் கூடு இருக்கணும். டீச்சர் சொல்லிருக்காங்க. கூட்டை எடுத்துட்டுப் போக முடியாது, இங்கதான் விட்டுட்டுப் போவும்னு. அது எங்க?”

ரிலீஃப் டீச்சர் கதவுப் பக்கம் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் கட்டுரை நோட்டைப் புரட்டினேன். இத்தனை வாரம் நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை, ஒரே காலையில் நாங்கள் பொய்யாக்கப் பார்த்தோம். அவள் கையை இறக்கினாள். அதன்பிறகு அன்று முழுவதும் கையை உயர்த்தவில்லை.

ரிசெஸ் நேரத்தில் உனக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். உன் குரல் கம்மியிருந்தது. மயக்க மருந்தால் தொண்டை அப்படி என்றாய். ஆனால் கோபம் மட்டும் முழுசாக வந்தது.

“நீ அங்க என்ன பண்ணிட்டு இருந்த? போ. இப்பவே போயி உண்மையைச் சொல்லு. அந்தப் பிள்ளை என் முகத்துல எப்படி முழிக்கும், நான் அது முகத்துல எப்படி முழிப்பேன்?”

“சரி, சொல்றேன். நீ எப்ப வர்ற?”

“அடுத்த வாரம் வந்துடுவேன். சொல்லிடு, அடுத்த வாரம் வரேன்னு.”

ஒரே மூச்சில், ஒரே வாயால். உண்மையைச் சொல் என்று விரட்டிய அதே வாயால் உன் பொய்யையும் என் கையில் கொடுத்து அனுப்பினாய். நான் போய் இரண்டையும் சொன்னேன். கடையிலிருந்து வந்த இலையில் மருந்து இருந்தது, ரிலீஃப் டீச்சருக்கு அது தெரியாது, எல்லாப் புழுக்களும் செத்துப்போயின என்றேன். அழுதார்கள். சமீர் மட்டும், எங்கம்மா அதே கறிவேப்பிலைதான் போடுறாங்க, நாங்க சாவமாட்டோமா என்று கேட்டான். பிராட்டாவை முறுக்குக்குப் பக்கத்தில் புதைத்தோம். யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் எப்போது வருவாங்க என்றாள். அடுத்த வாரம் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ந்த முகத்துக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

துறைத்தலைவர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, பள்ளியில் ஒருமித்துப் பேச வேண்டும் என்றார். பேசிவிட்டுப் போகட்டும். நீ வந்தால் என் பக்கம் நிற்பாய் என்ற தைரியத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நீ வரவில்லை. அடுத்த வாரம் அதற்கும் அடுத்த வாரமானது. செப்டம்பர் விடுமுறையில், சோறு வடித்துக்கொண்டிருந்தபோது உன் கணவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. பெயர், வயது, உன் புளோக் எண், மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும் நேரம். இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. உன் தூரத்துச் சொந்தங்களுக்கும், உனக்குக் காய்கறி விற்றவருக்கும் போன அதே செய்தி.

உன் புளோக்கின் கீழே, சுவரில்லாத தரைத்தளமான வாய்ட் டெக்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நீ பெட்டிக்குள் பாதியாக இருந்தாய். உன் கணவர் எனக்குப் குடிக்கப் பச்சைத் தேநீர்ப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உங்களுக்காவது சொல்லலாம்னு நான் சொன்னேன்க்கா. அவதான் வேணாம்னா. உங்களுக்குச் சொன்னா மூஞ்சியிலேயே காட்டிடுவீங்க, பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும்னா. வண்ணத்துப்பூச்சி வர்ற வரைக்கும் பிள்ளைங்க சந்தோஷமா இருக்கட்டும்னா.”

என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவ்வளவு சரியாகக் கணித்திருக்கிறாய். உண்மைதான், நான் காட்டியிருப்பேன். அதனால் என்ன? அழுத முகத்தோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உனக்குக் கஞ்சி கொண்டு வந்திருப்பேன். உன் நாத்தனாரைப் பற்றிப் பேசி உன்னைச் சிரிக்க வைத்திருப்பேன். வடையில் பாதி என்ன, முழுசையும் கொடுத்திருப்பேன். இது எதையும் செய்ய விடாமல், எனக்கு வெறும் சாவை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நீதான்.

கிளம்பும்போது உன் கணவர் காரிடாரில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டி, எடுத்துக்கொள்கிறீர்களா என்றார். தனக்குத் தண்ணீர் ஊற்றும் நினைவு இருக்காது என்றார். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேருந்தில் பொங்கோலுக்கு வந்தேன். இலைகள் முகத்தில் இடித்துக்கொண்டே வந்தன.

நான்காம் தவணை தொடங்கிய முதல் நாள், துறைத்தலைவர் வாசலிலேயே காத்திருந்தார். உன் வகுப்பை இனி நான் எடுக்க வேண்டும் என்றார். அது சரி. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இப்ப சொல்ல வேணாம். வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லுங்க. எக்ஸாம் முடியட்டும், பாத்துக்கலாம்.”

“அன்னிக்குப் புழு பறந்து போச்சுன்னீங்க.”

“அது வேற, இது வேற.”

அது வேறு, இது வேறுதான். புழுவுக்காவது கூண்டைத் தூக்கி ஸ்டோர் ரூமில் வைத்தார். உன்னைத் தூக்கி எங்கே வைப்பது? இத்தனை ஆண்டுகள் இந்தப் பள்ளிக்கு உழைத்தவள், விடுமுறையில் செத்ததால் இட மாற்றமாகிவிட்டாய். கறிவேப்பிலையைக்கூட வாசனை போனபிறகுதான் தட்டோரத்தில் ஒதுக்குவார்கள். பெற்றோர் சிலருக்கு விஷயம் தெரியும். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளைச் சுற்றி ஒரு மதில் கட்டியிருந்தோம்.

ஒப்புக்கொள்கிறேன், வகுப்புக்குள் நுழையும்போது சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். துறைத்தலைவருக்குப் பயந்து இல்லை. உன் மேல் இருந்த கோபம்தான். நீயே சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும், உன் வேலையை நான் ஏன் செய்ய வேண்டும் என்று வீம்பு. அந்த ரிலீஃப் டீச்சர் அன்று காலையே அவர்களிடம் சொல்லியிருந்தார், அவருக்கு வந்த உத்தரவு அப்படி. உங்கள் டீச்சர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார் என்று.

யாழினி கையை உயர்த்தினாள். கூடு எங்கே என்று கேட்ட அந்த நாளுக்குப் பிறகு நான் பார்க்க அவள் உயர்த்திய முதல் கை.

“டீச்சர், அவங்க நெஜமாவே வேற ஸ்கூலுக்குப் போயிட்டாங்களா?”

“ஏன் கேக்குற?”

அவள் உன் மேசைக்கடியைக் காட்டினாள். நீலச் செருப்பு, நீ கழற்றிப்போட்டபடியே, ஒன்று நேராகவும் ஒன்று சாய்ந்தும் கிடந்தது.

“கூடுன்னா விட்டுட்டுப் போவாங்க. செருப்பை ஏன் விட்டுட்டுப் போனாங்க?”

நீ செய்ததைத்தான் செய்தேன். வேறு எதுவும் தெரியவில்லை. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். முழங்கால் வலித்தது. “டீச்சர் செத்துப்போயிட்டாங்க” என்றேன். காலமானார், இறைவனடி சேர்ந்தார் எதுவும் இல்லை. நீ முறுக்குக்குச் சொன்ன அதே வார்த்தை.

சமீர்தான் முதலில் பேசினான். “மருந்து அடிச்ச இலையாலயா?”

“இல்லப்பா. வயித்துல வியாதி.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்றான் ரிஷி. குற்றவாளியைக் கேட்பது போல் கேட்டான்.

“தெரியாது. எனக்கும் சொல்லல.”

“அடுத்த வாரம் வருவாங்கன்னு சொன்னீங்க” என்றாள் யாழினி.

“அவங்க என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க.”

“அப்ப அவங்க பொய் சொன்னாங்க.”

உன்னைக் காப்பாற்ற எனக்கு எத்தனையோ வழி இருந்தது. பயந்திருப்பாங்கம்மா, உங்க மேல பாசம்மா, பெரியவங்களுக்கு ஆயிரம் இருக்கும்மா. எல்லாம் நாக்கின் நுனி வரை வந்தன. அத்தனையும் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை.

“ஆமா” என்றேன். “பொய்தான் சொன்னாங்க. எனக்கும் கோபமாத்தான் இருக்கு.”

அப்போதுதான் அவள் அழுதாள். பிறகு எல்லாரும். நான் தடுக்கவில்லை. நானும் அழுதேன், சரி, அதையும் எழுதிவிடுகிறேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு யாழினி இன்னொன்று கேட்டாள்.

“உங்களுக்கு வியாதி வந்தா எங்ககிட்ட சொல்லுவீங்களா?”

இப்படி ஒரு கேள்வியை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் இந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். சொல்லுவேன் என்றேன். அவள் சுண்டு விரலை நீட்டினாள். கோத்துக்கொண்டேன்.

துறைத்தலைவர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அது கிடக்கட்டும்.

உன் தொட்டி என் காரிடாரில் இருக்கிறது. தேக்காவிலிருந்து வந்து பையைக்கூட உள்ளே வைக்காமல் குனிந்து பார்த்தேன். மேல் இலையில் புறா எச்சம் போல ஒன்று. தொட்டேன், நடந்தது. கீழே இன்னும் இரண்டு. என் வீட்டுக்காரர் வந்து, ரசத்துக்கு நாலு இலை கிள்ளலாமா என்றார். கூடாது என்றேன். தேக்காவில் வாங்கவில்லையா என்றார். அதுவும் இல்லை என்றேன். கறிவேப்பிலை இல்லாத ரசம் எங்கள் வீட்டில் இன்றுதான் முதல் முறை. நன்றாகவே இல்லை. அவர் முழுசையும் குடித்தார்.

திங்கட்கிழமை தொட்டியோடுதான் பள்ளிக்குப் போகப்போகிறேன். ஸ்டோர் ரூமிலிருந்து கூண்டை எடுத்துக் கழுவ வேண்டும். உன் செருப்பை அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன். யாரும் நகர்த்தக் கூடாது என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். இந்தப் புழுக்களும் செத்துப்போனால் செத்துப்போச்சு என்பேன். பறந்துபோனால் காலிக் கூட்டைக் காட்டுவேன். என் உடம்புக்கு ஏதாவது வந்தால் முதலில் அந்த வகுப்புக்குப் போய்ச் சொல்வேன், சுண்டு விரல் கொடுத்திருக்கிறேன். இதெல்லாம் நீ என் தலையில் கட்டிவிட்டுப் போனது. செய்கிறேன். ஆனால் ஒரு பேச்சு எனக்குச் சொல்லியிருக்கலாம்டி.